கண்ணம்மாள் கை நனைத்த ஞாயிறு

அன்று காலையிலிருந்தே எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு வருடமாக ஓசூர் கம்பெனி பஸ்ஸில் என்னோடு வரும் மாதவராஜ், அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு என்னைப் பெண் பார்க்க வருகிறான். எங்கள் வீட்டில் இந்தப் பழக்கம் தெரியாததால், முன்பின் தெரியாதவன்போல முகத்தை வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். அது அவனுக்கு வராது என்பதும் எனக்குத் தெரியும்.

சிக்கல் அவன் அம்மா கண்ணம்மாள்தான். தன் அண்ணன் மகளைத்தான் மருமகளாக எடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறவர். "உனக்காக வரேன். அவங்க வூட்ல பச்சத் தண்ணிகூட பல்லுல படாது" என்று மகனிடம் சொல்லிவிட்டே கிளம்பியிருந்தார். எங்கள் பக்கம் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் எதையாவது சாப்பிட்டுக் கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அப்புறம் மாற்றிப் பேசினால் ஊர் காறித் துப்பும்.

மதியத்துக்கு மேல் வருவதாகச் சொன்னவர்கள் பதினொரு மணிக்கே மாரண்டஹள்ளியில் பஸ் இறங்கி வந்து நின்றார்கள். ஞாயிறு பதினொரு மணிக்கு என் அப்பா பச்சியப்பனை யாரும் அசைக்க முடியாது. உலகப் போரின் அழிவைப் பற்றி டிவியில் தமிழில் ஒரு தொடர் ஓடுகிறது. எங்கள் தோட்டத்துத் தக்காளி விலை தரையில் கிடந்த வாரத்தில்கூட அவர் அதை விட்டதில்லை. இன்று ஆறாம் பாகம். திரையில் ஒரு நகரம் எரிந்துகொண்டிருக்க, அதற்குக் கீழே அம்மா வெற்றிலைத் தட்டை வைத்தாள்.

"ஏங்க, நல்ல காரியத்துக்கு வந்திருக்காங்க. ஊரே பத்தி எரியுது, அத நிறுத்துங்க."

"இருக்கட்டும்ங்க, ஓடட்டும்" என்றார் கண்ணம்மாள். எங்களிடம் பேச்சுக் கொடுக்க வேண்டாமே என்ற நிம்மதி அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

பருப்புப் பூரணம் வைத்து அம்மா சுட்ட ஒப்பட்டுத் தட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் ஸ்டூலில் வைத்தேன். என்னையும் பார்க்கவில்லை, ஒப்பட்டையும் பார்க்கவில்லை. "உங்க பேரு என்னங்க?" என்று மாதவராஜ் என்னைக் கேட்டான். "பூவிழிங்க" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்கச் சமையலறைக்கு ஓடினேன்.

திரும்பி வந்தபோது திரையில் பனி கொட்டியது. எதிரிகள் வளைத்துவிட்ட ஊர், உள்ளே சோறு தண்ணி போகவில்லை. வரிசையில் நின்று ஒரு தாய் கையகல ரொட்டி வாங்கி வந்தாள். அதை மூன்றாக அறுத்து மூன்று பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். துணியில் சிந்திய தூளைத் தொட்டு நக்கிக்கொண்டாள்.

"அய்யோ, அவளுக்கு இல்லீங்களா?" என்றார் கண்ணம்மாள்.

"இல்லீங்க. இன்னும் இருக்குது பாருங்க" என்றார் அப்பா. துணைக்கு ஆள் கிடைத்த குஷி அவருக்கு.

கண்ணம்மாளுக்குக் கண்ணீர் வழிந்தது. இடது கை முந்தானையால் கண்ணைத் துடைக்க, வலது கை ஒப்பட்டைக் கிள்ளி வாயில் போட்டது. தினமும் டிவி முன்னால் தட்டோடு உட்கார்ந்து பழகிய கை, யாரையும் கேட்கவில்லை. முதல் ஒப்பட்டு தீர்ந்ததும் அம்மா பூனைபோல வந்து நெய் தடவி இன்னொன்றை வைத்தாள். அதுவும் போனது. அங்கே ஜனம் பட்டினியில் சாகிறது, எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. நான் பாவிதான்.

விளம்பரம் வந்தது. அவர் புருஷன் மாதையன்தான் முதலில் வாய் திறந்தார். "ஏ கண்ணம்மா, என்னா இது? கை நனைச்சிட்டியே!"

கண்ணம்மாள் நெய் வழியும் தன் விரல்களைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போனது. நடிப்பை மறந்து மாதவராஜ் "அம்மா" என்றான். தெரியாமல் சாப்பிட்டது கணக்கில் வராது என்று அவர் சொல்லலாம். யாரும் குற்றம் சொல்ல முடியாது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் கண்ணம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வேணாம்னு சொல்ல என்னென்னமோ யோசிச்சிக்கிட்டு வந்தேன் பாப்பா. வேலைக்குப் போற பொண்ணு, அண்ணன் மூஞ்சில எப்பிடி முழிக்கறதுன்னு. அந்தப் பொம்பளயப் பாத்துட்டு இதெல்லாம் ஒரு காரணம்னு சொல்ல வாய் வர மாட்டேங்குது."

அம்மா குங்குமச் சிமிழைத் தேடி ஓடினாள். அப்பா மாதையன் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாதவராஜ் என்னைப் பார்த்து இளித்த இளிப்பில் இரண்டு வருட ரகசியமும் கொட்டிப்போயிற்று. எனக்கு அந்த இடத்திலேயே ஒரு குத்தாட்டம் போட வேண்டும்போல இருந்தது.

"ஸ்ஸ், போட்டுட்டான்!" என்று எல்லாரையும் அடக்கினார் கண்ணம்மாள். பக்கத்தில் இடத்தைத் தட்டினார். "நீ இங்க வா. எனக்குத் தனியா பாக்க பயமா இருக்குது." உட்கார்ந்ததும் பிசுபிசுத்த விரல்களால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

அந்தத் தாய் மறுபடி வரிசையில் நின்று ரொட்டி வாங்கி வந்தாள். இந்த முறை இரண்டாகத்தான் அறுத்தாள்.

மணிக்கட்டில் பிடி இறுகியது. என் சிரிப்பெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "அத்தே" என்றேன், முதல்முறையாக.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" என்றார்.