உள்ளே விட்ட துணி

1
இக்கதை ஒரு பாவாடையிலிருந்து வந்தது. தையற்கடை ஒன்றில், திருத்த வந்த துணிகளிடையே, பள்ளிச் சீருடைப் பாவாடை ஒன்று தொங்கியது. இடுப்பின் இருபுறமும், பிரித்த தையலின் ஊசித்துளைகள் இரண்டு வரிசை. யாருடையது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் கட்டுரை எழுதியிருப்பேன்.

2
முதல் தொடக்கம்: 'பதினாறு வயதில் தாயாவது என்பது, சமூகம் தன்...' (விட்டுவிட்டேன். 'சமூகம்' என்று எழுதியதும் எல்லோரும் தப்பித்துக்கொள்கிறோம்.)

மீண்டும்: பதினாறு வயதுப் பள்ளி மாணவி ஒருத்தி. அவள் தாய் தையற்காரி. வளரும் பிள்ளைகளின் சீருடைக்குத் தையலின் உள்ளே தாராளமாகத் துணி விடுபவள், இறுகினால் பிரித்துவிடலாம். மகளின் பாவாடையை இவ்வாண்டு இருமுறை பிரித்துவிட்டாள். ஒருவழியாக உடம்பு தேறுகிறதே என்று மகிழ்ந்தாள்.

3
உயிரியல் ஆசிரியையைக் கொடியவராக்க முயன்று தோற்றேன். இனப்பெருக்கப் பாடத்தை அவருக்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை.

"இந்தப் பாடத்த வீட்ல படிச்சுக்கங்க. பரீட்சைக்கு வராது."

"வராதுன்னா எதுக்கு மிஸ் புக்ல போட்டிருக்காங்க?"

"வாயாடி, உட்காரு."

மகள் அதை வீட்டில் கேட்டாள். "அதெல்லாம் ஸ்கூல்ல சொல்லித் தருவாங்கடி," என்றாள் தாய், தையல் எந்திரத்தை நிறுத்தாமல்.

(பையன் எங்கே என்பீர்கள். பக்கத்து வகுப்பறையில் இருக்கிறான். அவனும் அதை வீட்டில் படிக்கச் சொல்லப்பட்டவன்தான். அவனுடைய கால்சட்டையை மட்டும் யாரும் பிரித்துவிட வேண்டியிருக்கவில்லை.)

4
மூன்றாம் முறை. தாய் அளவுநாடாவோடு மண்டியிடுகிறாள்.

"பிரிக்க இனி உள்ள துணியே இல்லடி. தின்னு தின்னு பூசணிக்கா ஆயிட்ட."

"எங்கம்மா திங்கறேன்? வயித்துல பூச்சி இருக்கு போல, நெளியுது. மாத்திரை வாங்கித் தர்றியா?"

"தர்றேன், தர்றேன். வயித்த எக்கி மூச்சப் பிடி."

பிடித்தாள். நாடாவின் அடியில் ஏதோ அசைந்தது. இவளைச் சுமந்தவளின் விரல்களுக்கு அந்த அசைவு தெரியும்.

5
தாய் அறைவதாக ஒரு முடிவு எழுதினேன். மிக எளிதாக வந்தது, ஆகவே நம்பவில்லை. அணைத்துக்கொள்வதாக எழுதியது... (அது என் ஆசை, அவளுடையது அல்ல.) மகளின் பள்ளிக்கூடமும், இனி அவள் வீடென்று நம்பக்கூடிய இடமும் தாய் அடுத்துச் சொல்லப்போகும் வாக்கியத்தில் இருக்கின்றன. அதை எழுதும் தகுதி எனக்கில்லை, நீங்கள் எழுதுங்கள். தாமதிக்க வேண்டாம். நாடா இன்னும் இடுப்பில்தான் இருக்கிறது. தாய் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அம்மா... மூச்ச விடலாமா?"