பதினொரு பேரில் மூன்று பேர்

"நோய வச்சுக்கிட்டு எங்கம்மாவுக்கே ரத்தம் குடுக்க வந்தியா நீ?"

முதலாளியின் குரல் கொதிகலன் இரைச்சலையும் மீறிக் கேட்டது. பொழுது இன்னும் சரியாக விடியவில்லை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை மூட்டை பிரித்து, கறை பார்த்துத் தனித்தனிக் குவியலாக எறிந்துகொண்டிருந்தாள் கடுகு. ஆள் குள்ளம், வாய் காரம். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

"நானா வந்தேன்? நீங்கதான வண்டி வச்சு அனுப்புனீங்க."

உண்மைதான். தாயாருக்கு ஆபரேஷன் என்றதும் சலவைக்கூடத்திலிருந்து பதினொரு பேரை ரத்த வங்கிக்கு ஏற்றி அனுப்பியவர் அவர்தான். படிவத்தில் முகவரிக்கு என்ன எழுதுவது என்று ஆளாளுக்கு விழிக்க, சூப்பர்வைசர் எல்லோருக்கும் சலவைக்கூடத்து முகவரியையே எழுதி வைத்தார். வந்தது வினை. கடுகுக்கு ரகசியமாக வரவேண்டிய கடிதம் முதலாளி மேசைக்குப் போயிற்று. அவரும் ஏதோ தன் வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகைபோலப் பிரித்துப் படித்துவிட்டார்.

கல்லீரலைத் தின்னும் கிருமி, நாள்பட்டது. இனி ஒருபோதும் ரத்தம் கொடுக்கக் கூடாது, மருத்துவரைப் பார்க்கவும். கடிதம் அவ்வளவுதான். வேலையை விட்டு அனுப்பவும் என்று அதில் எங்கும் இல்லை. அது முதலாளியின் சொந்தச் சரக்கு.

"இன்னியோட நின்னுக்க. ஆஸ்பத்திரிக்குத் தெரிஞ்சா ஆர்டரே போயிடும்."

"அந்த ஆஸ்பத்திரி மூட்டையிலதான் ஊசி வருது மொதலாளி. எத்தன தடவ கையில ஏறியிருக்கு. கையுறை கேட்டப்ப, மகாராணிக்குக் கையுறை வேணுமாம்னு சிரிச்சீங்க."

"எவன்கிட்ட வாங்கிட்டு வந்தியோ, யாருக்குத் தெரியும்."

 இந்த மாதிரிப் பேச்சென்றால் நம் ஆட்களுக்குக் காது மட்டும் நீளும், வாய் திறக்காது. கடுகு ஈரக் கையை இடுப்பில் துடைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தேய்ப்புக்காரன் இஸ்திரியை நிமிர்த்தி வைத்தான். அடுத்த மாதம் அவனுக்குக் கல்யாணம். சட்டைப்பையிலிருந்து முதலாளி கையிலிருந்த அதே நிறத்து உறை ஒன்றை எடுத்தான்.

"எனக்கும் வந்திருக்கு. வாசல்லயே தபால்காரர்கிட்ட வாங்கி ஒளிச்சு வச்சிருந்தேன்."

"உனக்குமாடா?" என்றபடி துவைக்கும் யந்திரத்தருகே நின்ற பெரியக்கா இடுப்பிலிருந்து மூன்றாவது உறையை உருவினாள். "நானும் வாசல்ல வாங்குனதுதான். பதினொரு பேர்ல மூணு பேரு. மூணு பேருமே மாத்தி மாத்தி மூட்டை பிரிச்சவங்க. நானும் இவளும் இருக்கட்டும், இவன் எவன்கிட்டப் போனான் மொதலாளி?"

யாரோ சிரித்தார்கள். சட்டென்று நின்றது. ரத்தம் கொடுக்கப் போகாதவர்கள் தங்கள் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

கடுகு மூட்டையைக் காலால் தள்ளினாள். "எல்லாருக்கும் சோதன பண்ணணும், உங்க செலவுல. கையுறை வேணும். ஆஸ்பத்திரியிலயே ஊசியப் பொறுக்கிட்டுத்தான் மூட்டை வரணும். அதுவரைக்கும் யாரும் இதத் தொடமாட்டோம்."

"எல்லாரையும் நிறுத்திடுவேன்."

"நிறுத்துங்க. நீங்களே பிரிங்க. கை பத்திரம்."

இருபது நாளாகிறது. கொதிகலன் ஆறிக் கிடக்கிறது. தொழிலாளர் அலுவலகத்தில் மனு கிடக்கிறது, பதில் இல்லை. சாட்சி சொல்லக் கூப்பிடுவார்கள் என்று சூப்பர்வைசர் வேறு ஊருக்குப் போய்விட்டார். தேய்ப்புக்காரனின் வருங்கால மாமனார் கல்யாணத்தை நிறுத்தக் கிளம்பினார். பெண்ணோ நேரே டாக்டரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து, "எனக்குத் தடுப்பூசி மூணு தவண, ஆறு மாசமாகும். தேதியத் தள்ளி வைங்க, ஆளத் தள்ளாதீங்க" என்றாளாம்.

நோய்ச் சேதி கேட்டு, கடுகை அவள் வீட்டுக்காரம்மா காலி செய்யச் சொல்லிவிட்டாள். கடுகு பெரியக்கா வீட்டுக்குக் குடிபோனாள். நாலு சட்டி, ஒரு பெட்டி. தூக்க வந்ததோ சலவைக்கூடம் முழுவதும். ஆளுக்கொரு கரண்டி தூக்கக்கூடச் சாமான் போதவில்லை.