இரண்டு குவளை ஆசிட்

விடிந்ததும் எழுகிறேன். பல் துலக்குகிறேன். தேநீருக்குத் தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டுப் பின்கதவைத் திறக்கிறேன். நீண்ட கம்பில் மாட்டிய வலையால் நீச்சல் குளத்தின் அடியை அரிக்கிறேன். முன்பெல்லாம் இலைகள் வரும். இப்போது குளத்தின் சிமெண்ட் பூச்சு வருகிறது, முட்டை ஓடு போன்ற வெள்ளைச் சில்லுகள். அவற்றைச் சுவரோரம் கொட்டிவிட்டு மோட்டார் அறைக்குப் போய், நீலக் கேனிலிருந்து ஒரு குவளை ஆசிட் எடுத்து, குளத்தைச் சுற்றிவந்து மெல்ல ஊற்றுகிறேன். கை கழுவுகிறேன். அதற்குள் அடுப்பிலிருந்த தண்ணீர் பாதி வற்றியிருக்கும். மிச்சத்தில் தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்புகிறேன்.

இதெல்லாம் என் மனைவி செய்துகொண்டிருந்தவை. வீடு பார்க்க வந்த அன்று அவள் அறைகளை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் பின்பக்கம் போய், பழைய சொந்தக்காரர் கட்டிவைத்திருந்த இந்தச் சின்னக் குளத்தின் முன் நின்று, “இதுக்கு ஒரு வீடும் சேத்துத் தர்றாங்களாம்” என்றாள். தினமும் காலையில் நீந்தினாள். எனக்கு நீந்தத் தெரியாது. எங்களோடு இருந்த அவள் அப்பாவுக்கும் தெரியாது. இப்போது வீட்டில் மிச்சமிருப்பது நீந்தத் தெரியாத இரண்டு ஆண்களும் ஒரு நீச்சல் குளமும்தான்.

அவள் குளத்தில் சாகவில்லை. கேட்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நீந்தி முடித்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மட்டம் இறங்கியிருந்த குளத்துக்குக் குழாயைத் திறந்துவிட்டவள், தலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். அன்று பகல் முழுக்கக் குழாய் ஓடியது. சாயங்காலம் அடுத்த வீட்டுக்காரர் சுவரேறிக் குதித்து மூடினார்.

அதன்பிறகு ஒரு மழைக்காலம் போய்விட்டது. பூச்சு முதலில் சொரசொரப்பானது. பிறகு படிகளில் சின்னச் சின்னக் குழிகள். பிறகு ஆழமான பக்கத்தில் ஒரு திட்டு உரிந்து உள்ளே சாம்பல் நிறம் தெரிந்தது. அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும்போது அந்தத் திட்டு எவ்வளவு பெரிதாகியிருக்கும் என்ற நினைப்பில் கால் ஆடிக்கொண்டேயிருக்கும். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்ப் பார்ப்பேன். சாப்பிடும்போது பாதியில் எழுந்து போவேன். மாமா தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். நானும் அவரும் பேசிக்கொள்வது குறைவு. பேச்சை எங்கே தொடங்கினாலும் அது அவளிடம் போய் நிற்கும். அதனால் மின்சாரம், வாசல் விளக்கு, அவர் மூட்டுவலி, அவ்வளவுதான். காலையில் எனக்கு முன்பே எழுந்து நடக்கப் போய்விடுவார்.

மூன்று மேஸ்திரிகளைக் கூப்பிட்டேன். மூவரும் தண்ணீரை இறைக்க வேண்டும் என்றார்கள். இருவரை அனுப்பிவிட்டேன். அது அவள் கடைசியாக நீந்திய தண்ணீர். படித்தவன் இப்படி நினைக்கலாமா என்று கேட்பார்கள். அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாவது மேஸ்திரி வந்தது ஒரு விடுமுறைநாள் காலையில். தொப்பையைத் தூக்கிக்கொண்டு குளத்தின் விளிம்பில் குந்தினார். திருப்புளியால் படியைச் சுரண்டினார். சோற்றுப் பருக்கைபோல உதிர்ந்தது.

“யாருங்க இத முன்னாடி பூசுனது? அவன் கையில திருநீறு குடுத்தாக்கூட நெத்தில ஒழுங்கா பூச மாட்டான்.”

முந்தைய இரண்டு பேரும் இதையேதான் வேறு மாதிரி சொன்னார்கள்.

“தண்ணிய எறைச்சிட்டு, பூரா கொத்தி எடுத்துட்டு, புதுசாப் பூசணும் சார்.”

“தண்ணிய எறைக்காம முடியாதா?”

“ஏன் முடியாது? மீனுக்கு மேஸ்திரி வேல கத்துக் குடுத்தா முடியும்.”

மாமா சிரித்துவிட்டார். அவர் சிரித்து நாளாகிவிட்டது. பின்கதவுப் படியில் உட்கார்ந்திருந்தவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

மேஸ்திரி மோட்டாரைப் பார்க்கவேண்டும் என்று அறைக்குள் போனார். உள்ளேயிருந்து காலி கேன்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியும் சத்தம் கேட்டது. ஒன்றைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

“என்ன சார் இது, இத்தன கேனு? ஊர்ல இருக்குற கக்கூஸ் எல்லாம் குத்தகைக்கு எடுத்துருக்கீங்களா? யாரு ஆசிட் ஊத்துறது?”

“நான்தான்” என்றேன்.

“நான்தான்” என்றார் மாமா.

ஒரே நேரத்தில் சொன்னோம். மேஸ்திரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“தினமுமா?”

“நடக்கப் போறதுக்கு முன்னாடி ஒரு குவளை” என்றார் மாமா. “மாப்பிள்ளைக்கு வேலைக்குப் போற அவசரம். அவருக்கு எதுக்குத் தொந்தரவுன்னு...”

மாமாவுக்கு வயதாகிவிட்டது, அவருக்கு எதற்குத் தொந்தரவு என்றுதான் நான் ஊற்றினேன். கேன் சீக்கிரம் காலியாகிறதே என்று ஒருமுறை தோன்றியது. ஆவியாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் ஊற்றுவதற்கு முன் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் குளத்துத் தண்ணீரைப் பிடித்து, இரண்டு சொட்டு மருந்து விட்டு, காரத்தன்மை கூடியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கி நிறம் பார்ப்பாள். சில நாள் ஊற்றுவாள், சில நாள் மாட்டாள். அந்தக் கண்ணாடிக் குழாய் மோட்டார் அறை அலமாரியிலேயே இருக்கிறது. நாங்கள் இருவரும் எடுத்துக்கொண்டது குவளையை மட்டும்.

“பூச்சத் தின்னது ஆசிட்டுதான்” என்றார் மேஸ்திரி. “அந்தப் பாவி மேல சும்மா பழி போட்டுட்டேன். ஏன் சார், ஒரே வீட்டுலதான இருக்கீங்க? பேசிக்கவே மாட்டீங்களா?”

சொல்லிவிட்டு ஏதோ புரிந்தவர்போலக் கேனைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். முடிவுசெய்து கூப்பிடச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் குளத்தைச் சுற்றி நடந்தேன். வலையை எடுத்தேன், வைத்தேன். ஏற்கெனவே பெருக்கிய இடத்தை மறுபடி பெருக்கினேன். மாமா படியைவிட்டு எழவில்லை.

“நடந்தது போதும், உக்காருங்க மாப்பிள்ளை. தல சுத்துது எனக்கு.”

அவருக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தேன்.

“தண்ணிய எறைக்க ஏன் வேணாங்கிறீங்க?”

“அவ நீந்துன தண்ணி, மாமா.”

சொன்னதும் அது எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று தெரிந்தது. மாமா கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார்.

“அன்னைக்கே பாதி வழிஞ்சு போச்சு. அப்புறம் மழை. அப்புறம் நம்ம ரெண்டு பேரு ஆசிட்டு. இனி அதுல ஒரு தவளகூட இருக்காது.” கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “எனக்கும் அந்த நெனப்புதான். இல்லன்னா மொத மேஸ்திரி வந்தப்பவே சொல்லியிருக்க மாட்டேனா?”

பிறகு அவர்தான் மோட்டார் அறைக்குப் போனார். எந்த வால்வைத் திருப்புவது என்று தெரியாமல் என்னைக் கூப்பிட்டார். எனக்கும் தெரியவில்லை. இரண்டைத் திறந்து பார்த்து, ஒன்றை மூடி, மூன்றாவதில் பின்சுவர்க் குழாய் இருமிவிட்டு வடிகாலில் கொட்ட ஆரம்பித்தது.

தண்ணீர் நாங்கள் நினைத்ததைவிட மெதுவாக இறங்கியது. வெயில் சாயும்போது முதல் படி காய்ந்திருந்தது. பூச்சு மேலே வெள்ளை, நடுவில் பழுப்பு, கீழே நைந்து தொங்கியது. ஒரு மூலையில் அவளுடைய தலைமுடி ரப்பர் வளையம் ஒன்று முதல் படியை ஒட்டிய சுவர்ச் சல்லடையில் சிக்கியிருந்தது. மாமா அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இருவரும் எடுக்கப் போகவில்லை.

“மாப்பிள்ளை.”

“சொல்லுங்க.”

“ஊர்லேருந்து ஆஸ்பத்திரிக்கு நான் வந்து சேரும்போது எல்லாம் முடிஞ்சிருச்சு. உங்க அக்காதான் சொன்னா, எம்பொண்ணு ‘அப்பாவப் பாத்துக்கோ’ன்னு சொல்லிட்டுக் கண்ண மூடினாள்னு.” அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார். “அவ அப்படியெல்லாம் பேசுற பொண்ணு இல்லியே. நீங்கதான பக்கத்துல இருந்தீங்க. நெசமாவே அப்படிச் சொன்னாளா?”

அக்கா அப்போது அங்கே இல்லை. நல்லதை நினைத்துச் சொல்லியிருக்கிறாள். ஆமாம் என்று சொன்னால் மாமா இரவு தூங்குவார். எழுந்து நடக்கவேண்டும்போல இருந்தது.

“இல்ல மாமா.”

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது படியின் விளிம்பு தண்ணீருக்குமேல் தெரிந்தது.

“ஸ்கேன் எடுக்க உள்ள தள்ளிட்டுப் போறாங்க. நான் கூடவே ஓடினேன். கதவுகிட்ட நிறுத்திட்டாங்க. அப்ப கண்ணத் தொறந்து என்னப் பாத்தா.”

“ம்.”

“‘மூஞ்சியப் பாத்துட்டு நிக்காத. போய்க் குழாய மூடு, ரொம்பி வழியப் போகுது’ன்னா.”