மேனேஜர் என்ன வகை

லிஃப்ட்காரர் என்றதும் லிஃப்டுக்குள் நின்று பொத்தான் அமுக்குகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தில் பாதி உயரக் கட்டடங்களின் உச்சியில் இருக்கும் இயந்திர அறைகள் அவருக்கு அத்துப்படி. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் கல்யாணம் செய்துகொண்டவளுக்கு ஏற்கெனவே ஒரு மகள் உண்டு, பன்னிரண்டு வயது. வீட்டில் குட்டி என்று கூப்பிடுவார்கள். அந்தக் குட்டிதான் முதல் நாளே அவருக்கு இந்தப் பெயரை வைத்தது. அவளைப் பெற்றவர் இறந்து ஆறு வருஷம். இவரை அப்பா என்று கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை. அந்த இடத்தில் போய் உட்கார நமக்கு என்ன அவசரம் என்று இவரும் இருந்துவிட்டார். "லிஃப்ட்காரரே, சாப்பிட வருவீங்களாம்" என்று அவள் கதவருகே வந்து நின்றால் அதுவே மனுஷனுக்குப் போதுமாக இருந்தது.

ரெண்டு பேருக்கும் பேச்சு ஒட்டியது பூதக்கூடையால். அது கையில் வைத்து ஆடுகிற வீடியோ கேம். காடு மேடெல்லாம் அலைந்து பூதங்களைப் பிடித்துக் கூடையில் போட்டு வளர்க்க வேண்டும், அப்புறம் அடுத்தவன் பூதத்தோடு மோதவிட வேண்டும். ஆறு பாகம் வந்தாயிற்று. ஒவ்வொரு பூதத்துக்கும் ஒரு வகை: நெருப்பு, நீர், மரம், கல், இரும்பு என்று மொத்தம் பன்னிரண்டு. நீர் நெருப்பை அணைக்கும், நெருப்பு மரத்தை எரிக்கும், இப்படிப் போகும் கணக்கு. ஒன்றிலும் சேராததெல்லாம் சாதா. ஏழாம் பாகத்துக்கு விட்ட முன்னோட்டத்தில் இந்தப் பட்டியலுக்கு அடியில் ரெண்டு கட்டம் காலியாக இருந்தது. புது வகை ரெண்டு வரப்போகிறது, ஆனால் என்னவென்று சொல்ல மாட்டார்களாம். ஆட்டுவிக்கிறவர்களுக்கு நம்மைச் சும்மா இருக்க விடக் கூடாது, அவ்வளவுதான்.

குட்டி இதற்கென்று கட்டம் போட்ட நோட்டு ஒன்று வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையைத் துடைத்ததும் நோட்டு விரியும். எந்த வகையைச் சொன்னாலும் அவளிடம் மூன்று கேள்வி. எதை ஜெயிக்கும், எதுகிட்ட தோற்கும், எதை ஒன்றுமே செய்ய முடியாது. வக்கீல்கூட அவளிடம் தோற்றுப்போவார்.

"நேரம்னு ஒரு வகை வெச்சா?" என்று கேட்டுப் பார்த்தார் லிஃப்ட்காரர்.

"எதை ஜெயிக்கும்?"

"எல்லாத்தையும்."

"எதுகிட்ட தோற்கும்?"

"எதுகிட்டயும் இல்ல."

"அப்ப அது வகை இல்ல, போங்கு." நோட்டில் அதைக் கோடு போட்டு அடித்தாள்.

நேரம் போச்சு, கனவு போச்சு, ஒளியும் போச்சு. கடைசியில் மனுஷன் தன் பிழைப்பிலிருந்தே ஒன்றை எடுத்துப் போட்டார்: எதிர்எடை. லிஃப்டில் ஆட்கள் ஏறுகிற கூண்டு ஒரு பக்கம் தொங்கினால், அதே கயிற்றின் மறுமுனையில் இரும்புக் கட்டிகளை அடுக்கிய எடை தொங்கும். கூண்டு ஏறினால் அது இறங்கும், கூண்டு இறங்கினால் அது ஏறும்.

"எவ்வளவு கனம் இருக்கும்?"

"கூண்டோட கனம், அதோட ஏறக்கூடிய ஆளுங்க கனத்துல பாதி."

"ஏன் பாதி?"

"எத்தனை பேர் ஏறுவாங்கன்னு முன்னாடியே தெரியாதுல்ல. ஒருத்தர் ஏறினாலும் சரி, எட்டுப் பேர் ஏறினாலும் சரி, பாதிக்கு வெச்சா சமாளிச்சுக்கலாம்."

"அது யாரை ஜெயிக்கும்?"

"யாரையும் ஜெயிக்காது. தூக்கிவிடும்."

"கயிறு இல்லன்னா?"

"தனியா இருந்தா வெறும் இரும்புக் கட்டி. எல்லார்கிட்டயும் தோற்கும்."

அவள் அதை அடிக்கவில்லை. பென்சிலால் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தாள். அன்றைக்கு அவருக்கு வானத்தில் பறக்காத குறை.

இன்னொன்றும் அவரிடமிருந்து அவள் எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு இயந்திர அறையிலும் ஒரு பதிவேடு தொங்கும். பழுதோ தப்போ நடந்தால் வேறு யாரிடமும் வாயைத் திறப்பதற்கு முன்னால் அதில் எழுத வேண்டும். எத்தனை மணிக்கு, என்ன நடந்தது, யார் கை, இப்போது என்ன நிலை. சாக்குப்போக்கு எழுத அதில் கட்டம் கிடையாது. அடுத்து வருகிற மெக்கானிக் படித்துவிட்டு அடியில் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். குட்டிக்கு இது ரொம்பப் பிடித்துப் போனது. அதிலிருந்து நோட்டில் அவள் எழுதும் ஒவ்வொரு ஊகத்துக்கும் அவர் 'பார்த்தேன்' போட்டாக வேண்டும்.

இத்தனை தலையைப் பிய்த்துக்கொண்டது எதற்கு என்று அவருக்குத் தெரிய நாலைந்து வாரம் ஆயிற்று. எல்லாம் ஒரே ஒரு பூதத்துக்காக. அவளுடைய பழைய கருவியில், மூன்றாம் பாகத்துக் கூடையில், தூங்கன் என்ற இனத்துப் பூதம் ஒன்று இருந்தது. உருண்டையாக இருக்கும், மூன்று அடி வாங்கினால்தான் ஒரு கண்ணைத் திறக்கும். சாதா வகை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்துகொண்டு அவளுடைய அப்பா அவளுக்காகப் பிடித்துக் கொடுத்தது அது. தன் ஆபீஸ் மேனேஜரும் இப்படித்தான் உட்கார்ந்தபடியே தூங்குவார் என்று சொல்லி அதற்கு மேனேஜர் என்று பேர் வைத்தாராம். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது என்று குட்டி சொன்னாள்.

"இது சாதாதானேன்னு நான் கேட்டேன். 'இல்லடா, இவன் சாதா இல்ல. இவன் வகைக்கு இன்னும் பேர் வைக்கல, அவ்வளவுதான்'னு சொன்னாரு."

நாலாம் பாகத்தில் இரும்பு வந்தபோது பழைய கல் பூதங்கள் சிலதை இரும்பாக மாற்றினார்கள். பழைய கூடையிலிருந்து பூதங்களைப் புதுப் பாகத்துக்குக் கொண்டுபோகவும் முடியும். ஆறு வருஷமாக அந்தப் பேருக்குக் காத்திருந்தவள், ஏழில் வருகிற ரெண்டு வகையில் ஒன்று மேனேஜருடையதுதான் என்று நம்பினாள்.

இப்போது வருகிறது நம்ம ஆள் செய்த காரியம்.

ஒரு சனிக்கிழமை அம்மாவும் மகளும் சித்தி வீட்டுக்குப் போயிருந்தார்கள். லிஃப்ட்காரர் வீட்டில் தனியாக இருந்தார். எதிர்எடைக் கட்சிக்கு ஆதாரம் தேடலாம், ஒரு தூங்கன் எப்படித்தான் சண்டை போடுகிறது என்று கண்ணால் பார்க்கலாம் என்று பழைய கருவியைக் கையில் எடுத்தார். திரையில் ரெண்டு வரி வந்தது: 'தொடர்', 'புதிதாக'. 'தொடர்' அமுக்கினால் குட்டியின் சாமான்களில் கை வைத்த மாதிரி ஆகிவிடுமே என்று பெரிய மனுஷத்தனமாக 'புதிதாக' அமுக்கினார். நாற்பது நிமிஷம் ஆடினார். முதல் சாலையிலேயே ஒரு தூங்கனையும் பிடித்துவிட்டார். முடிக்கும்போது 'சேமிக்கவா' என்று கேட்டது. செய்த வேலையைப் பதியாமல் இடத்தை விட்டுக் கிளம்பிப் பழக்கமில்லாதவர் ஆயிற்றே, 'ஆம்' அமுக்கினார்.

மறுபடி போட்டபோது 'தொடர்' என்பதற்குக் கீழே அறுநூற்றுச் சொச்சம் மணி நேரம் இல்லை. நாற்பது நிமிஷம் இருந்தது. அந்தக் கருவியில் சேமிக்க ஒரே ஒரு இடம்தான்.

கருவியை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நாலு தெரு தள்ளி இருந்த ரிப்பேர் கடைக்கு ஓடினார். கடைக்காரர் பூதக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தலையை ஆட்டினார்.

"அது மேலயே எழுதிட்டீங்க. பழசு இனிமே கிடையாது."

"கம்பெனிக்கு அனுப்பினா?"

"எங்க அனுப்பினாலும் இதேதான்." பிறகு அவருடைய முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டாரோ என்னவோ, குரலைத் தணித்தார். "ரொம்பப் பழைய கேம் அட்டை. உள்ள பேட்டரி போனா தானாவே அழியும். அப்படிச் சொல்லிடுங்க, நம்பிடுவாங்க."

நல்ல பொய், ஒரு பக்கம்கூட இடிக்காத பொய். வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். சொன்னால் அவள் அழுவாள், ஆனால் இவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுவாள். ஞாயிற்றுக்கிழமை மேசை அப்படியே இருக்கும். அதை விட்டு உண்மையைச் சொன்னால் ரெண்டு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தது எல்லாம் ஒரே மத்தியானத்தில் போகும். அவருக்குப் பயமாக இருந்தது. இத்தனை வயதுக்கு மேல் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் பயந்து தெருவில் நின்றார்.

வீட்டுக்கு வந்து அவளுடைய நோட்டை எடுத்தார். கடைசிப் பக்கத்தில் எழுதினார்.

'சனிக்கிழமை, மதியம் 2.10 முதல் 2.50 வரை. பழைய கருவியில் புதிதாக ஆட்டம் தொடங்கிச் சேமித்தேன். முந்தைய பதிவு முழுக்க அழிந்துவிட்டது. மேனேஜர் அதில் இருந்தது. செய்தது நான். கடையில் காட்டினேன். திரும்ப எடுக்க முடியாது.'

கையெழுத்தும் போட்டார்.

குட்டி வந்து படித்தாள். திரும்ப ஒரு தடவை படித்தாள். நோட்டையும் கருவியையும் எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கத்தியிருந்தால்கூட அவருக்குத் தாங்கியிருக்கும்.

"மறைக்காம சொன்னீங்களே, அது போதும். அவளைக் கொஞ்சம் விடுங்க" என்றாள் மனைவி. பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பில் இருப்பவள், அழுகிறவர்களைத் தேற்றுவது அவளுக்குக் கைவந்த வேலை. ஆனால் சொல்லிவிட்டுப் போய்ப் பாத்திரத் தொட்டி முன்னால் குழாயைத் திறக்காமல் நின்றாள். "அவர் பேர் வெச்ச அன்னிக்கு நானும் அந்தக் கட்டில்லதான் உட்கார்ந்திருந்தேன்" என்றாள்.

ஆறு நாள் வீட்டில் லிஃப்ட்காரரே என்ற குரல் கேட்கவில்லை.

ஏழாம் நாள் பூதக்கூடைக் கம்பெனியின் அறிவிப்பு வந்தது. பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் இயந்திர அறையில், கையெல்லாம் கிரீஸோடு, அவர் ஃபோனில் பார்த்தார். புது வகை ரெண்டு: ஒலி, சாம்பல். வகை மாறுகிற பழைய பூதங்கள் பத்தொன்பது. பட்டியலில் மேலிருந்து கீழே வந்தார், கீழிருந்து மேலே போனார். தூங்கன் இல்லை. அது சாதாவாகவே இருக்குமாம்.

பெரிதாக ஒன்றும் போய்விடவில்லை, இருந்திருந்தாலும் அது சாதாதானே என்று ஒரு நொடி ஓடியது அவருக்கு. அடுத்த நொடியே தன்னைத் தானே அறையலாம் போல இருந்தது. சாகப்போகிற மனுஷன் மகளிடம் ஒரு ஊகத்தை விட்டுப் போயிருக்கிறான். பணமோ வீடோ இல்லை, வெறும் ஊகம். அவள் அதைப் பிடித்துக்கொண்டு வளர்ந்திருக்கிறாள். பூதத்தை இவர் அழித்தார். மிச்சமிருந்த ஊகத்தை இன்றைக்குக் கம்பெனிக்காரன் அழித்துவிட்டான். சக்கரத்தின் மேல் கயிறு ஓடுவதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ கீழே ஏறினார்கள், எதிர்எடை இறங்கியது.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது குட்டி மேசையில் உட்கார்ந்திருந்தாள். நோட்டு விரிந்திருந்தது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை.

"லிஸ்ட் வந்திருக்கு" என்றார், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

"தெரியும்."

"அதுல தூங்கன் இல்ல."

"அதுவும் தெரியும்." பேனாவை மூடி வைத்தாள். "இன்னும் பேர் வைக்கலன்னுதான் அப்பா சொன்னாரு. ஏழுல வைப்பாங்கன்னு சொல்லல."

நோட்டை அவர் பக்கம் திருப்பினாள். பென்சிலில் இருந்த எதிர்எடை இப்போது பேனாவில் இருந்தது, கேள்விக்குறி இல்லை. கீழே அவளுடைய மூன்று கேள்விக்கும் பதில்: ஜெயிப்பது யாரையும் இல்லை. தோற்பது தனியாக இருந்தால் எல்லாரிடமும். ஒன்றும் செய்ய முடியாதது, கயிற்றின் அந்தப் பக்கம் யாருமே இல்லாவிட்டால். அதற்கும் கீழே, உதாரணம் என்று போட்டு மேனேஜர் என்று எழுதியிருந்தாள்.

கடைசிப் பக்கத்தை அவளே திருப்பினாள். அவர் எழுதியதற்கு அடியில் 'பார்த்தேன்' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டிருந்தாள். அவருடைய தொழிலில் அந்த வார்த்தைக்கு மன்னித்தேன் என்று பொருள் இல்லை. இது இனி ஒருத்தருடைய சுமை இல்லை, ரெண்டு பேருக்குத் தெரியும் என்றுதான் பொருள். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைத்துக்கொள்ளவும் இல்லை.

குட்டி பழைய கருவியை மேசையில் வைத்தாள்.

"உங்க நாப்பது நிமிஷத்தை அழிக்கலாம்னு எடுத்தேன்."

"அழிச்சிடு."

"அழிச்சா மட்டும் வந்திடுமா?" கருவியைப் போட்டுக் கூடையைத் திறந்தாள். "தூங்கன் ஒண்ணு பிடிச்சிருக்கீங்க."

"அதுக்குத்தான் ஆரம்பிச்சேன்."

"பேர் வைக்கல."

"எப்படி வைக்கறதுன்னு தெரியல."

"மேனேஜர்னு வைக்கக் கூடாது."

"மாட்டேன்."

"உங்க ஆபீஸ்ல யாராவது தூங்குவாங்களா?"

லிஃப்ட்காரர் உண்மையாகவே யோசித்தார். "சூப்பர்வைசர். பத்தாவது மாடி போறதுக்குள்ள நின்னுட்டே தூங்கிடுவாரு."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் நாற்காலியை நகர்த்தி அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். கிரீஸ் கையைத் துடைக்க ஒரு துணியை நீட்டிவிட்டு, பேர் வைக்கிற திரையைத் திறந்தாள்.

"முதல் எழுத்து இங்க இருக்கு, லிஃப்ட்காரரே" என்று விரலை வைத்துக் காட்டினாள்.