கூம்பிய இலை

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சு காலியாகத்தான் இருந்தது. நாகஜோதி உட்காரவில்லை. பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளுக்கு முன்னால் நின்றே பழகின கால். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் மகள் அனுப்ரியா கிடந்தாள். விடியற்காலையில் வாந்தி, அப்புறம் கைகால் இழுப்பு. அதற்குப் பிறகு கண்ணைத் திறக்கவேயில்லை.

டாக்டரம்மா வெளியே வந்தாள். "நேத்து என்னம்மா சாப்பிட்டா?"

"சோறும் தகரைக் கீரையும் மேடம். முந்தாநாளும் அதேதான்."

"நீங்க சாப்பிடலையா?"

"எனக்கு ராத்திரி ஓ.டி. கம்பெனியில புரோட்டா வாங்கிக் குடுத்துருவாங்க."

"கீரை கடையில வாங்கினதா?"

"ஓடைக்கரையில கிள்ளுனது."

"தகரைதான்னு நல்லாத் தெரியுமா?"

நாகஜோதிக்குச் சுருக்கென்றது. "நான் முதுகுளத்தூர்ப் பக்கம் மேடம். மழை பேஞ்சா வீட்டுக்கு வீடு இதுதான் வேகும். தகரைன்னா காம்புக்கு மூணு சோடி இலை, நுனி நகம் மாதிரி உருண்டையா இருக்கும். பேயாவரைதான் விஷம், அதுக்கு நாலஞ்சு சோடி, நுனி கிளிமூக்கு. கிட்ட போனாலே நாறும். பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்."

"ஈரல் கெட்டிருக்கும்மா. எதனாலன்னு தெரியணும். அந்தச் செடியில ஒரு கொத்து கொண்டுவாங்க."

பக்கத்து லைன் வீட்டு மாரக்காள் கூட வந்தாள். மண்ணரையில் அவர்கள் வீட்டுப் பக்கம் ஆட்டோவை நிறுத்திவிட்டு ஓடைச் சரிவில் இறங்கும்போது சொன்னாள்.

"ஆடுகூட இங்க மேயாது கண்ணு. உங்க சீமைக்காரிக தார் ரோட்டுல முளைச்சாலும் கிள்ளிப்போடுவீங்க."

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா வாக்கா."

காலையில் கம்பெனி வேன் மெயின் ரோடு வழியாக ஆட்களை அள்ளிக்கொண்டு போகும். ஓ.டி. முடிந்து விடும்போது வேன் கிடையாது. இந்தக் குறுக்குவழியில்தான் நடை. ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்மெண்ட் வேலை. போன் லைட்டில்தான் இந்தக் கரையை அவள் பார்த்திருக்கிறாள். ஓடைத் தண்ணீருக்கு நிறம் உண்டென்பதே இன்றுதான் தெரிந்தது. சாயப்பட்டறைக் கழிவின் அரக்குச் சிவப்பு.

வெயிலில் செடிகள் இலையை விரித்துக்கொண்டு நின்றன. முன்னால் நின்றது தகரைதான். மூன்று சோடி, உருண்டை நுனி. "நாஞ் சொல்லல?" என்று கிள்ளப் போனவளின் கை நின்றது. தகரையோடு தகரையாக, இடுப்பளவுக்கு இன்னொன்று. ஐந்து சோடி. நுனி கூர்.

அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கூர்நுனிச் செடிகளில் கொழுந்து இல்லை. பிஞ்சோடு சேர்த்து நகத்தால் கிள்ளின இடம் காய்ந்து கறுத்திருந்தது. ஒன்றிரண்டில் அல்ல, கரை நெடுக. ஒரு காம்பை மூக்கருகே கொண்டுபோனாள். சாயநாற்றம்தான் வந்தது. இங்கே எதை முகர்ந்தாலும் அதுதான் வரும்.

"ஏங்கண்ணு?" என்றாள் மாரக்காள்.

நாகஜோதி அந்தக் கூர்நுனிச் செடியில் ஒரு கொத்து ஒடித்தாள். விளக்கு வைத்த பிறகு கீரை கிள்ளக் கூடாது என்று ஊரில் சொல்வார்கள். லட்சுமி போய்விடுவாளாம். இருந்தால்தானே போவதற்கு என்று செக்கிங் டேபிளில் சொல்லிச் சிரித்தது இவள்தான்.

"ஏஞ்சாமி, பகல்ல ஒருக்கா வந்து பாத்திருக்கலாமில்ல?"

"பகல் எங்கக்கா இருந்துச்சு?"

திரும்பும்போது கண்டெய்னர் லாரிகள் பாலத்தை அடைத்துக்கொண்டு நின்றன. ஆட்டோ நகரவில்லை. போன் அடித்தது. சூப்பர்வைசர் சிவராஜ்.

"ஜோதி, ராத்திரிக்கு வர்றயா, வேற ஆள் போட்டுக்கட்டுமா? பாப்பாக்கு இப்ப தேவலையா?"

"போட்டுக்கங்கண்ணா."

"நாளைக்காச்சும் வந்திரு. பீஸ் மலையாட்டக் கெடக்குது."

மடியில் கொத்து கிடந்தது. தெருவிளக்குகள் எரியத் தொடங்கின. அவள் பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிக்கு வந்தபோது இருட்டிவிட்டது. டாக்டரம்மா உள்ளே குழந்தையின் கண்ணிமையைக் கட்டைவிரலால் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தாள். விரலை எடுத்ததும் இமை மூடிக்கொண்டது. பிறகு வெளியே வந்து கொத்தை வாங்கினாள். ஒரு இலையும் விரிந்திருக்கவில்லை. சோடி சோடியாக முகம் ஒட்டி, கீழ்நோக்கித் தொங்கின. தகரையானாலும் பேயாவரையானாலும் பொழுது சாய்ந்தால் இப்படித்தான். டாக்டரம்மா நகத்தால் ஒரு சோடியைப் பிரித்தாள். கூர்நுனி.

"இவ்வளவு விவரம் சொன்னீங்களேம்மா. கிள்ளும்போது இலையைப் பாக்கலையா?"

"பாத்தேன் மேடம்." நாகஜோதி கொத்தைத் திரும்ப வாங்கி, டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துக் காட்டினாள். "இப்படித்தான் இருந்துச்சு."