பின்னறைப் பீரோவுக்குப் பின்னால்

என் மகள் நஜீபாவின் கல்யாணப் பேச்சு இனி என் சாப்பாட்டுக் கடையில் நடக்கக் கூடாது என்று நான் முடிவு செய்ததற்குக் காரணம் உண்டு.

முதல் வரன் கோலா குபு பாருவிலிருந்து வந்தது. பதிலைக் கடை டெலிபோனில் சொன்னார்கள். லைன் கரகரத்தது. லைன் கரகரத்தால், எதிர்முனையில் இருப்பவர் சொன்னதையே திருப்பிக் கத்திக் கேட்டுத்தான் உறுதி செய்துகொள்ள வேண்டும். நானும் கத்தினேன்.

"என்னது? பொண்ணு படிச்சது அதிகமா? வேண்டாங்கிறீங்களா?"

லோரி டிரைவர்கள் கிளாஸைக் கீழே வைத்தார்கள். ரொட்டி தட்டுகிறவன்கூடக் கையை நிறுத்தினான். ஜெய்னுலாப்தீன் வீட்டுப் பெண்ணை வேண்டாம் என்ற செய்தியைக் கோலா சிலாங்கூர் முழுதுக்கும் சொன்னது என் தொண்டைதான். அதன்பிறகு ஒரு வாரம் என் கடையில் யாரும் என் முகத்தைப் பார்த்துத் தேநீர் கேட்கவில்லை.

ஆகவே புது வீடு பார்த்தபோது நான் முதலில் கேட்ட கேள்வி, "டெலிபோன் இருக்கிறதா?" என்பதுதான். வீட்டை விற்ற பாலகிருஷ்ணன், ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டும் டிரெஸராக இருந்து ஓய்வு பெற்றவர். "லைன் இருக்கு பாய். டெலிபோன் இலாகாவுக்குப் போயி பேரை மாத்திக்கிட்டாப் போதும்" என்று சொல்லிவிட்டுக் கிள்ளானுக்கு மகனோடு போய்விட்டார்.

போனால், அங்கே இலாகா இல்லை! பெயர்ப்பலகை புதிதாக மின்னியது. எண்பத்தேழு பிறந்ததிலிருந்து அது கம்பெனி ஆகிவிட்டதாம். "அப்படியானால் என் லைனுக்கு யார் பொறுப்பு, இலாகாவா, கம்பெனியா?" என்று கேட்டேன். முகப்பில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே மலாயில், "கம்பி அதேதான், பாக்சிக். பெயர்தான் வேறு" என்று மாமா முறை வைத்துச் சொன்னாள். நம்பர் என் பெயருக்கு மாறிவிட்டது, லைனில் உயிர் இருக்கிறது, கருவியை வீட்டுச் சாக்கெட்டில் செருகினால் போதும் என்றாள்.

இரண்டாவது வரன் தெலுக் இந்தான் ஜவுளிக்கடை மதார் சாகிபுவின் மகன். குடும்பத்தோடு வந்து பெண்ணைப் பார்த்துச் சாப்பிட்டுப் போனார்கள். "வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு பதில் சொல்றோம்" என்றார் மதார் சாகிபு. "வீட்டு நம்பருக்குக் கூப்பிடுங்க" என்றேன். கடை நம்பரும் அவரிடம் இருந்தது. வீட்டில் எடுக்காவிட்டால் அங்கேதான் அடிப்பார். வெள்ளிக்கிழமை மத்தியானம் என் கடையில் உட்கார இடம் இருக்காது.

அன்று தொழுதுவிட்டு வேகமாக வீடு வந்தேன். ஹாலில் ஜன்னலுக்குக் கீழே சாக்கெட் பெட்டி. அதன் அருகில் சிறு மேசை, மேலே மனைவி மெகராஜ் பேகம் பின்னிய விரிப்பு, எனக்கு ஒரு நாற்காலி. அன்றைக்குத்தான் கைக்கு வந்த வெண்ணெய் நிறக் கருவியை வைத்து வயரைச் செருகி, பிஸ்மி சொல்லி ரிசீவரை எடுத்தேன்.

சத்தமே இல்லை. கல்லைக் காதில் வைத்த மாதிரி இருந்தது.

கழற்றிச் செருகினேன். ஊதிப் பார்த்துச் செருகினேன். வேறு சாக்கெட் இருக்கிறதா என்று நஜீபா ஜன்னல் திரைகளைத் தூக்கித் தேடினாள். மெகராஜ் கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். நான் கருவியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அறை அறையாக நடந்தேன்.

"பக்கத்து வீட்டு மாடில்டாகிட்ட கேக்கட்டுமாங்க?"

"கூடாது. போன் இருக்குன்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, சாக்கெட் எங்கன்னு போயி கேக்கிறதா?"

மெகராஜ் துணி எடுக்கக் கொல்லைப்புறம் போனாள். சற்று நேரத்தில் மாடில்டா அடுப்படி வழியாகவே உள்ளே வந்துவிட்டாள். கிளினிக்கில் தாதியாக இருப்பவள்.

"என்ன பாய், போனைக் கைப்பிள்ள மாதிரி தூக்கிக்கிட்டுத் திரியிறீங்க? ஹால் பாக்ஸ் செத்துப்போச்சு லா! பாலகிருஷ்ணன் சார் சம்சாரம் நல்லம்மா ஆன்ட்டி கால் முடியாம படுத்திருந்தப்ப, சார் லைனைப் பின் ரூமுக்கு மாத்திட்டாரு. கட்டில்ல இருந்தே பேசுவாங்களே!"

பின்னறை இப்போது நஜீபாவின் அறை. கதவை ஒட்டிய சுவரில், சாக்கெட்டை மறைத்துக்கொண்டு இரும்புப் பீரோ. உள்ளே அவளுக்காகச் சேர்த்த பித்தளையும் பட்டும். நானும் மெகராஜும் தள்ளினோம். அசையவில்லை. மாடில்டா சுவருக்கு மேலே எட்டி, "டெஸ்மண்ட்! சட்டையப் போட்டுக்கிட்டு ஓடி வா!" என்று கணவனைக் கூப்பிட்டாள். அவன் வந்து வாசற்படிக்கு வெளியே நின்று ஒரே இழுப்பாக இழுத்தான். பீரோ திரும்பி, வாசற்படியில் கால் சிக்கி, கதவை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது.

மிஞ்சிய வழி ஒரு கை நுழையும் இடுக்கைவிடக் கொஞ்சம்தான் அதிகம். நஜீபா என் கையிலிருந்த கருவியை வாங்கிக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்து உள்ளே போய்விட்டாள்.

"இருக்கு அத்தா! சாக்கெட் இருக்கு!" பிறகு ஒரு சிறு சத்தம். "குர்ருன்னு கேக்குது!"

ரிசீவரை அவள் வைத்த மறுகணம் மணி அடித்தது.

"இப்படிக் குடும்மா!" என்று இடுக்கில் கையை விட்டேன்.

"வயர் எட்டல, அத்தா!"

எங்கள் குடும்பத்தில் நிக்காஹ் நாளில்தான் பெண்ணிடம் சம்மதம் கேட்பார்கள். பெரியவர்களும் சாட்சிகளும் திரைக்கு வெளியே நின்று கேட்க, அவள் சொல்வதைவிட அவள் வளையல் சத்தமாகக் கேட்கும். மாப்பிள்ளையின் தகப்பனாரோடு நேராகப் பேசிய பெண் எங்கள் வம்சத்திலேயே கிடையாது.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. நின்றால் அடுத்து ஒலிக்கப்போவது கடை போன்.

"எடும்மா" என்றேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும்... நஜீபா பேசுறேன்... அத்தா பீரோவுக்கு அந்தப் பக்கம் நிக்கிறாங்க, மாமா."

டெஸ்மண்ட் வாயைப் பொத்திக்கொண்டான். நான் இடுக்கில் காதை வைத்தேன்.

"சரியாக் கேக்கல மாமா, கரகரங்குது... என்ன? எல்லாருக்குமே சம்மதமா?"

மெகராஜ் என் கையைப் பிடித்தாள். மாடில்டா குதித்தாள். நான் எல்லாரையும் அடக்கினேன், ஏனென்றால் உள்ளே பேச்சு முடியவில்லை. நஜீபா ஏதோ முணுமுணுத்தாள். திரும்பவும் முணுமுணுத்தாள். அந்தப் பக்கம் கேட்கவில்லை போலும். என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"சத்தமாச் சொல்லும்மா" என்றேன். என் குரல் எனக்கே வேறாக இருந்தது.

"சம்மதம் மாமா! எனக்குச் சம்மதம்!"

பின் சந்தில் போய்க்கொண்டிருந்த மீன்காரனின் மோட்டார்சைக்கிள் நின்றது. யாரோ "அல்ஹம்துலில்லாஹ்!" என்றார்கள்.

"அத்தா, உங்ககிட்ட பேசணுமாம்." இடுக்குப் பக்கமாக ரிசீவரை எட்டும்வரை நீட்டிப் பிடித்தாள். நான் பீரோவில் கன்னத்தை அழுத்தி, முழுத் தொண்டையையும் திறந்தேன்.

"மதார் சாகிபு! அலைக்கும் சலாம்! சந்தோசம்! ரொம்ப சந்தோசம்! கேக்குதா?"

"உங்க கடைக்கே கேட்டிருக்கும் பாய்!" என்றாள் மாடில்டா.

"கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு தடவை கத்தினேன்.