முனியப்பனிடம் பூக்கேட்ட படலம்

இதனால் வையத்து மாந்தர்க்கும், வானுறை தேவர்க்கும், நிலத்தின்கீழ் உறையும் பேய்க்கணங்கட்கும் ஒருசேர அறிவிக்கப்படுவது யாதெனின்: முடியுடை வேந்தரும் எண்ணத் துணியாத பெருஞ்செயல் ஒன்று, யவனர் மலையிலன்று, எகிப்தியர் பாலைவெளியிலன்று, கோவை மாநகர்க்குக் கிழக்கே சூலூரின் எல்லையில், ஒரு நூற்பாலையின் பஞ்சுக் கிடங்குக்குப் பின்னால் நிகழலாயிற்று. கற்றறிந்த பெருந்தகையீர், அமர்ந்து கேண்மின்; இருக்கை இல்லையெனில் நின்றேனும் கேண்மின்.

ஆடித் திங்கள், முற்பகல் இன்னும் முதிராத வேளை. பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழைந்த மேல்காற்று, தான் கொணர்ந்த மழையையெல்லாம் வெள்ளியங்கிரி மலைக்கே வழங்கிவிட்டு வெறுங்கையோடு நகருக்குள் புகுந்து, காந்திபுரத்துத் துணிக்கடைகளின் தள்ளுபடித் தட்டிகளைக் கிழித்து, நகரப் பேருந்துகளின் புழுதியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, சூலூர்க் குளத்து நீரைக் கசங்கிய பட்டுப்போல் அலைத்து, தென்னைகளின் தலையைக் கலைத்து, விசைத்தறிகள் ஓயாது உரையாடும் தெருக்களைக் கடந்து, ஆலையின் பஞ்சுத் துகள்களை வெண்பனியென வாரி இறைத்துக்கொண்டிருந்தது. வான்படைத் தளத்திலிருந்து எழுந்த போரூர்தி ஒன்று விண்ணைக் கிழித்துச் செல்ல, கீழே மேய்ந்துகொண்டிருந்த காங்கேயம் காளையொன்று தலைதூக்கிப் பார்த்து, தனக்கு வேண்டாத செய்தி எனக் கண்டு மீண்டும் புல்லில் வாய்வைத்தது.

ஆலையின் உரிமையாளர் நரசிம்மலு. அவர்தம் முன்னோர் தெலுங்கு நாட்டிலிருந்து கலப்பையோடு வந்து, காடு திருத்திப் பருத்தி விளைத்து, பின் அப்பருத்தியை நூற்கும் பொறிகளையே நிறுவி உயர்ந்தவர். அவர்களது உழைப்பு இவருக்குச் செல்வமாகவும், செல்வம் மேடையாகவும், மேடை நோயாகவும் வந்து வாய்த்தன. வெளிநாட்டுப் பயணமொன்றில் இடிந்த கோயில்கள் பலவற்றைக் கண்டு, விளக்கேற்ற ஆளின்றி நிற்கும் பிறநாட்டுக் கடவுளர்மீது இரக்கம் மிகக்கொண்ட அவர், அவர்கள் அனைவரையும், அவர்களோடு பொருத பேய் பூதங்களையும், தம் அறுபதாம் அகவை நிறைவுநாளில் சூலூரிலேயே குடியமர்த்துவதென்று முடிவு செய்தார். அதற்கென எழுப்பிய மாளிகைக்கு ‘உலகத் தெய்வக் கூடம்’ என்று பெயர். அழைப்பிதழில் தம் பெயருக்குமுன் ‘தெய்வங்கட்கே அடைக்கலம் ஈந்த வள்ளல்’ என அச்சிடச் சொன்னவரும் அவரே. அதனைக் கண்டு நாணுவார்போல் நகைத்தவரும் அவரே.

உருவங்களை வார்க்கும் பணி உக்கடத்து ரசாக்கிடம் சென்றது. காந்திபுரத்துத் துணிக்கடைகளின் கண்ணாடிக்குள் சட்டை மாட்டி நிற்கும் பொம்மைகளெல்லாம் அவர் பட்டறையில் பிறந்தவையே. அவரிடம் இருந்த அச்சுகளும் அவையே. ஆகவே யவனரின் இடிக்கடவுள், மாற்றாரை எரிக்க இடியை ஓங்கும் வேளையிலும் இடக்கையை இடுப்பில் ஊன்றி இனிது முறுவலித்தார். வடபுலத்து ஒற்றைக்கண் முதுகடவுளின் இடை, காற்சட்டை எடுப்பாக நிற்கும் பொருட்டு இளைஞன் இடைபோல் ஒடுங்கியிருந்தது. எகிப்தியரின் நரித்தலைக் காவலன் ஒரு காலை முன்வைத்து எவளையோ பார்ப்பவன்போல் நின்றான். பாம்புக் கூந்தல் அரக்கியின் பாம்புகளோ நீரேற்றுப் பொறிகள் விற்கும் கடையில் வாங்கிய பச்சைக் குழாய்கள்.

“ஏனுங்க பாயி, இடிச்சாமின்னா ஒரு கோவம் வேண்டாமுங்களா? இவரு என்னமோ ஒண்ணு வாங்கினா ஒண்ணு இனாம்னு சொல்ற மாதிரி நிக்கறாரே?” என்றார் நரசிம்மலு.

“அச்சு அப்படிங்க மொதலாளி,” என்றார் ரசாக், மீசையில் ஒட்டிய வண்ணத்தைத் துடைத்தபடி. “நான் செய்யறது கடைப் பொம்மைங்க. சட்டை போட்டா கடைக்குப் போகுது, இடியைக் குடுத்தா உங்ககிட்ட வருது. சாமின்னு பேரு வெச்சுக்கறது உங்க பாடுங்க.”

இவ்வாறு உலகின் தெய்வங்கள் எல்லாம் இசைந்து வந்து நின்றபின், இசையாமல் எஞ்சியவர் உள்ளூர்க்காரர் ஒருவரே. கூடத்தின் தோரணவாயில் எழவேண்டிய அதே இடத்தில், வேம்பின் அடியில், முழங்கால் உயரக் கருங்கல்லாய் முனியப்பன் நின்றிருந்தார். முகமில்லை, எண்ணெய்ப் பிசுக்கும் துருவேறிய வேலொன்றுமே அவர் உடைமை. அவரைப் பெயர்த்து மதிலோரம் வைக்குமாறு நரசிம்மலு பணித்தபோது, ஆலையின் காவலரும் முனியப்பனின் பூசாரியுமாகிய ராக்கியண்ணன் தலையைச் சொறிந்தார்.

“நகத்தறதுன்னா நகத்தலாமுங்க. அதுக்கு மிந்தி ஒரு வார்த்தை பூக்கேட்டுப் போடலாமுங்க. கேக்காம கடப்பாறை வெக்க நம்ம ஆலையில ஒருத்தரும் வரமாட்டாங்க.”

பூக்கேட்டல் கொங்கு நாட்டின் நெடுவழக்கு. வெள்ளரளி ஒன்றும் செவ்வரளி ஒன்றும் தனித்தனி இலையில் பொதிந்து, வாழைநாரால் கட்டி, இரண்டும் ஒன்றுபோல் தோன்றுமாறு தெய்வத்தின்முன் வைப்பர். உள்ளிருப்பது அறியாத ஒருவர் ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் தெய்வம் இசைந்தது. சிவப்பு வந்தால் மறுத்தது. இதற்கு மேல்முறையீடு இல்லை.

இச்செய்தி கேட்டு உள்ளூர நடுங்கியவள் நரசிம்மலுவின் மனைவி பங்காரம்மா. மகள் சாய்ப்ரியா சிறுமியாக இருந்தபோது கடுங்காய்ச்சலில் கிடக்க, மருத்துவர்கள் முகம் திருப்பிக்கொள்ள, இந்தத் தாய் வேம்படிக்கு ஓடிவந்து, ‘என் குழந்தையை நீ நகர்த்தாதே, உன்னை இவ்விடத்திலிருந்து யாரும் நகர்த்த நான் விடமாட்டேன்’ என்று கல்லைத் தொட்டு நேர்ந்துகொண்டாள். நேர்ந்ததை வாய்விட்டுச் சொன்னால் அது வலுவிழக்கும் என்பது அவள் எண்ணம். ஆதலின் கணவருக்கும் சொன்னதில்லை. இப்போது அந்த மகள் கடல்கடந்த நாட்டில் தலைப்பிள்ளையைச் சுமந்திருந்தாள். கல் அசைந்தால் என்ன அசையும் என்று எண்ணி எண்ணி அத்தாய்க்கு உணவு இறங்கவில்லை.

பூக்கேட்கும் நாள் விடிந்தது. பொட்டணங்களைத் தாமே கட்டுவதாக நரசிம்மலு முதல்நாளே அறிவித்திருந்தார். அதனை அனைவரும் அவர்தம் பணிவு என்று போற்றினர். வீட்டு வாயிலின் ஒருபால் வெள்ளரளியும் மறுபால் செவ்வரளியும் பூத்திருந்தன. கட்டிய பொட்டணங்களைப் பித்தளைத் தட்டில் வைத்துவிட்டு அவர் உடைமாற்றச் சென்றபின், வாயிலுக்கு வந்த பங்காரம்மாவின் கண்ணில் ஒன்று பட்டது. வெள்ளரளியில் இரண்டு காம்புகள் ஒடிந்து பால் கசிந்துகொண்டிருந்தன. செவ்வரளியில் ஒரு காம்பும் ஒடியவில்லை. அவள் நெடுநேரம் அங்கேயே நின்றாள்.

“ஏனுங்க, தட்டை நான் எடுத்துட்டு வாரேன். நீங்க பொன்னாடையைத் தேடுங்க,” என்று மட்டும் உள்நோக்கிக் குரல் கொடுத்தாள்.

வேம்படியில் ஆலையே திரண்டிருந்தது; பொம்மைகளை நிறுத்த வந்த ரசாக்கும் ஓரமாய் நின்றார். நரசிம்மலு ஒலிபெருக்கியைப் பற்றி, தெய்வத்தின் இசைவின்றித் தாம் ஒரு துரும்பையும் அசைப்பவர் அல்லர் என்றும், வாய்மையே தம் குலத்தின் முதல் என்றும் முழங்கத் தொடங்க, வாய்மை என்னும் சொல்லின்மேல் போரூர்தி ஒன்று பறந்து அதனை முற்றும் விழுங்கியது. அவர் அச்சொல்லை மீண்டும் சொன்னார். இரண்டாம் ஊர்தி வந்தது.

பொட்டணம் எடுப்பவர் யார் என்னும் வினா எழ, “பாயி எடுக்கட்டுமுங்க. அவருக்கு நம்ம சாமியில ஒரு பக்கமும் இல்லீங்க,” என்றாள் நூல்சுற்றும் பகுதியின் மயிலாத்தாள்.

“பொட்டணம் எடுத்துக் குடுக்கறேனுங்க. கேக்கறது உங்க பாடு,” என்று ரசாக் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துப் பூசாரியின் கையில் வைத்தார். ராக்கியண்ணன் நாரை அவிழ்த்தார். இலை விரிந்தது. உள்ளே, அந்திவானின் ஒரு துண்டுபோல், சிவப்பு.

“அதெப்படிச் செவப்பு வரும்?” என்று இரைந்தார் நரசிம்மலு. ஒலிபெருக்கி இன்னும் அவர் கையில் இருந்தது. “ரெண்டுலயும் நான் வெள்ளையத்தானே வெச்சேன்!”

அக்குரல் மதிலில் மோதித் திரும்பி வந்து அவர் காதிலேயே விழுந்தபோதுதான் தாம் சொன்னது என்னவென்று அவருக்கு விளங்கிற்று.  ராக்கியண்ணன் இரண்டாம் பொட்டணத்தையும் அவிழ்த்தார். அதுவும் சிவப்பு.

“சாமீ! ரெண்டு வெள்ளையையும் செவப்பாக்கிப் போட்டியே!” என்று அலறி அவர் மண்ணில் வீழ, அவரைத் தொடர்ந்து ஆலையே வீழ்ந்தது. பெண்கள் குலவையிட்டனர். “மொதலாளி வாயாலயே வந்துருச்சு பாருங்க!” என்று மயிலாத்தாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஒருவரும் நரசிம்மலுவை இகழவில்லை. இகழ்ந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். கொங்கு நாட்டார் தம் பண்புக்கேற்ப ஒவ்வொருவராய் அருகே வந்து, “அதுக்கென்னுங்க மொதலாளி, அவசரத்துல கை மாறியிருக்குமுங்க”, “ரெண்டு வெள்ளை சேந்து வந்துருக்குமுங்க, உடுங்க” என்று ஆறுதல் கூறினர். அந்த ஒவ்வொரு ‘ங்க’வும் காய்ச்சிய ஊசியென அவர் செவியில் இறங்கியது. ரசாக் மட்டும் தம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “எடுத்துக் குடுத்தேன், அவ்வளவுதானுங்க,” என்று கேளாதவர்க்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பங்காரம்மா தட்டைப் பிடித்தபடி நின்றாள். ‘நான்தான் மாற்றினேன்’ என்னும் சொற்கள் அவள் நாவின் நுனிவரை வந்தன. சொன்னால் கணவர் தனியே நாணவேண்டியதில்லை. ஆனால் சொன்ன கணமே முனியப்பன் வெறுங்கல்லாவார், கடப்பாறை வரும், கடலுக்கு அப்பால் மகள்... அவள் வாயை மூடிக்கொண்டாள். பெருந்தகையீர், இவ்விடத்து ஒன்றை ஓர்மின். முனியப்பன் இசைவார் என்று கணவர் நம்பவில்லை. மறுப்பார் என்று மனைவி நம்பவில்லை. ஒரு வெள்ளையும் ஒரு சிவப்பும் வைத்துவிட்டு வாளாவிருக்க இருவராலும் இயலவில்லை.

வீடு திரும்பி மகிழுந்தை விட்டு இறங்கிய நரசிம்மலு வாயிலில் நின்றார்.

“செவப்புல ரெண்டு காம்பு ஒடிஞ்சிருக்குது.”

“காத்துங்க,” என்றாள் பங்காரம்மா.

“காலைல ஒடியலையே.”

“காலைல வெள்ளைல ரெண்டு ஒடிஞ்சிருந்துதுங்க. அது எந்தக் காத்துங்க?”

அதன்பின் அவ்வீட்டில் அரளியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. உண்ணும்போது இருவரும் தத்தம் இலையையே பார்த்து உண்டனர்.

‘பூவைச் சிவக்கவைத்த முனியப்பன்’ புகழ் காட்டுத்தீயெனப் பரவியது. காங்கேயத்திலிருந்தும் காந்திபுரத்திலிருந்தும் பேருந்து நிறைய மக்கள் வந்தனர். வந்தவர்க்கெல்லாம் கதை சொல்லப்பட, கதைக்கு ஏமாற்றுக்காரர் ஒருவர் இன்றியமையாதவராக, அவ்விடத்தில் நரசிம்மலு என்றென்றைக்குமாய் நிலைபெற்றார். கோயில் திருப்பணிக்குழு அமைந்தபோது, அருளை முதலில் கண்டவர் என்று அவரையே தலைவராக்கினர். விழாதோறும் மேடையேறித் தம் சூதைத் தம் வாயாலேயே விளக்கும் பேறு அவருக்குக் கிட்டியது. மேடையை அஞ்சும் மனிதராக அவர் மாறிய விந்தையை ஊரார் முனியப்பனின் இரண்டாம் அருட்செயலாகக் கொண்டனர். உலகத் தெய்வக் கூடம் செருப்பு வைக்கும் இடமாயிற்று. தெய்வங்களை ரசாக்கே திரும்பப் பெற்றுக்கொண்டார். யவனரின் இடிக்கடவுள் இப்போது காந்திபுரத்துக் கண்ணாடிக்குள், இடியிருந்த கையில் தள்ளுபடி அட்டையோடு, முன்னைக்காட்டிலும் பொருத்தமாய் முறுவலிக்கிறார்.

திருப்பணி வளர்ந்தது. வீச்சரிவாள் ஏந்தி விழியுருட்டும் முனியப்பன் தென்னை உயரத்தில் எழுந்தார். அவர் கருவறைக்குப் படிகட்ட முனைந்தபோது, வேம்படிக் கல் குறுக்கே நின்றது. அதனைப் பெயர்த்துத் தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் வைப்பதெனக் குழுவினர் ஒருமனதாய்த் தீர்மானித்தனர். கடப்பாறையோடு வந்தவர் ராக்கியண்ணன்.

பங்காரம்மா வேம்பைப் பற்றிக்கொண்டு நின்றாள். பூவைச் சிவப்பாக்கியது முனியப்பன் அன்று, மனிதக் கையே என்று அவ்வேலையை நிறுத்த அவளிடம் ஒரே ஒரு சொல் இருந்தது; அதே சொல் தலைவராய் நின்ற அவள் கணவரிடமும் இருந்தது. பூக்கேட்ட நாளுக்குப்பின் முதன்முறையாக இருவரும் ஒருவரை ஒருவர் நேரே பார்த்தனர்; பார்த்து, ஒருங்கே தலைகவிழ்ந்தனர். கல் அசைந்தது, சாய்ந்தது, வந்தது. கீழே ஈரமண்ணும் ஒரு மண்புழுவும் இருந்தன. அன்று பிற்பகல் சாய்ப்ரியா தொலைபேசியில் அழைத்து, தன் கைக்குழந்தை முதன்முதலாய்க் குப்புறக் கவிழ்ந்துவிட்டான் என்று கூவிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு மகிழவும் மாட்டாமல் அழவும் மாட்டாமல், எதற்காகக் கணவரை ஊரார்முன் அவ்வாறு நிற்கவிட்டோம் என்று அத்தாய் நாணி நின்றாள்.

கல்லைப் பெயர்க்குமுன் யாரும் பூக்கேட்கவில்லை.